அப்பாவின் தலைமாட்டில் வைத்த தென்னை

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. கச்சால் தீவில், அப்பாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் தன்னையும் புதைக்க வேண்டும். பிணத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவது நடக்கிற காரியமில்லை என்று அவளுக்கே தெரியும். அதனால் உசுரோடு போய்ச் சேர்ந்துவிடணும் என்பாள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன அன்று ஆரம்பித்தது இந்தப் பேச்சு. போர்ட் பிளேரில், பத்துபஸ்தியில் எங்கள் வாடகை வீட்டுக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம், "கப்பலுக்குக் கேட்டியாடி?" என்பாள். விமானத்துக்கும் கப்பலுக்கும் என்னம்மா சம்பந்தம் என்று நான் எரிந்து விழுவேன்.

கேட்காமலா இருப்பேன்! கப்பல் பெரிய விஷயமில்லை. நிக்கோபார் பக்கத்துத் தீவுகளில் வெளியாட்கள் இறங்க பாஸ் வேண்டும். ரப்பர் தோட்டத்தில் வேலை இருந்தவரை எங்களுக்கு பாஸ் இருந்தது. வேலை போச்சு, பாஸ் போச்சு, ஊரும் போச்சு. இனிமேல் வேண்டுமென்றால் அந்த ஊர்க் கேப்டன் சம்மதிக்க வேண்டும். நிக்கோபாரிகள் தங்கள் ஊர்த் தலைவரைக் கேப்டன் என்றுதான் சொல்வார்கள். நான் அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடையில் நிற்பவள். காலையெல்லாம் "தேக்கியே தீதி" என்று வருகிற அக்காக்களை இந்தியில் கூப்பிட்டுப் புடவையை உதறி உதறிப் போட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். எல்லா ஜன்னலிலும் ஒரே பதில்தான். அங்கேயிருந்து சரி என்று வரட்டும்.

அம்மா பிறந்தது இலங்கையில், தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில், லயம் என்பார்கள். அங்கே அவள் இந்தியாக்காரி. ஏதோ ஒப்பந்தம் என்று சொல்லி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். வந்து இறங்கினால் இங்கே அவள் சிலோன்காரி. பிறகு ரப்பர் பால் வெட்டக் கச்சாலுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். சுற்றிலும் நிக்கோபாரிகள், நடுவில் நாங்கள் ஒரு கைப்பிடி. அங்கேதான் முதன்முதலாக ஒருத்தி அம்மாவை "ஹோல்ச்சு" என்று கூப்பிட்டாள். நிக்கோபாரியில் தோழி என்று அர்த்தம். அவரை நான் ஆன்ட்டி என்பேன். அம்மா தேங்காய் ரொட்டி சுட்டால் முதல் ரொட்டி அவருக்குப் போகும். அங்கேயிருந்து தாழம்பழத்தை அவித்துப் பிசைந்த பண்டம் வரும். எனக்கு அது பிடிக்காது. முகத்தைச் சுளித்தால் அம்மா தொடையில் கிள்ளுவாள்.

சுனாமி கரையோரத்து ஊர்களை வழித்துக்கொண்டு போனபோது, மேட்டில் இருந்த எங்கள் லயம் தப்பித்தது. ஆன்ட்டியும் அவர் வீட்டில் மிஞ்சியவர்களும் எங்கள் ஒற்றை அறையில்தான் கிடந்தார்கள். அம்மா தன் சேலைகளைக் கிழித்துப் பிள்ளைகளுக்குக் கட்டிவிட்டாள். அதற்கப்புறம் வந்த மழையில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார்.

எங்கள் ஆட்கள் எரிப்பதில்லை. புதைத்துவிட்டு, மூன்றாம் நாள் பால் ஊற்றி, தலைமாட்டில் ஒரு கன்று நடுவோம். இன்ன மரம்தான் என்றில்லை, கைக்குக் கிடைப்பதை நடுவதுதான் வழக்கம். கச்சாலில் கைக்குக் கிடைத்தது தென்னை. கன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்ததே ஆன்ட்டிதான். அம்மா அழுதுகொண்டே நட்டாள்.

இப்போது அங்கே கேப்டன் ஆன்ட்டியின் தம்பி. ஆன்ட்டி மூலமாக அவரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, அந்தத் தைரியத்தில்தான் அம்மா இருந்தாள். "அவன் என் கையால சோறு தின்னவன்டி, மாட்டேன்னா சொல்லுவான்?"

போன மாதம் ஆன்ட்டி கண் ஆபரேஷனுக்காகப் போர்ட் பிளேர் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கண்ணாடியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். அம்மா கட்டிலை விட்டு எழுந்து, நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியும் கேட்காமல், ரொட்டி தட்டினாள். ரெண்டு பேரும் பழங்கதை பேசி அப்படிச் சிரித்தார்கள். ஆன்ட்டி பேசும் தமிழ் அச்சு அசல் எங்கள் லயத்துத் தமிழ். தேங்காய்ச் சம்பலைத் தொட்டு ஒரு ரொட்டி முழுதாகத் தின்று முடித்தபிறகுதான் சொன்னார்.

"ஹோல்ச்சு, தம்பி முடியாதுன்னுட்டான். ஊரும் முடியாதுன்னுருச்சு. ஊர்க் கூட்டத்துல நானும்தான் உக்காந்திருந்தேன். நானும் முடியாதுன்னுதான் சொன்னேன்."

அம்மாவுக்குப் புரியவில்லை. காது சரியாகக் கேட்காத ஆளைப்போல மறுபடியும் கேட்டாள். ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்.

"உன் வீட்டுக்காரர் தலைமாட்டுல நட்ட தென்னை காய்க்குது. எங்க ஊர்ல மரம் நட்டவங்களுக்குத்தான் சொந்தம். அடுத்தவங்க மரத்துத் தேங்காயை நாங்க தொட மாட்டோம், உனக்குத்தான் தெரியுமே. நீங்க யாரும் இல்ல, பறிக்க ஆளில்ல. விழுந்த தேங்காயெல்லாம் விழுந்த இடத்துலயே முளைச்சிருச்சு. இப்ப அங்க ஒரு தோப்பு நிக்குது. அத்தனையும் உன்னோடதுதான். மரம் இருக்கறவன் திரும்பி வந்து உரிமை கேக்கலாம், அது எங்க சட்டம்."

"நான் தோப்பா கேட்டேன்?" என்றாள் அம்மா. "எனக்கு ஆறடி போதும்டி."

"நீ கேக்கல. இங்க மேடை போட்டு உங்காளு ஒருத்தர் மைக்குல பேசினாரே, எங்க சமாதி இருக்கு, எங்க தென்னை இருக்கு, எங்களுக்கு நிலம் குடுன்னு. எங்க ஊரே அதப் போன்ல பாத்துச்சு. ரோடு வருதுங்கறாங்க, கப்பல் நிக்கிற பெரிய ஜெட்டி வருதுங்கறாங்க, கப்பல் கப்பலா ஆளு வரப்போகுதுங்கறாங்க. கடல் எடுத்தது போக எங்களுக்கு இருக்கறதே கொஞ்சம். உன்ன உள்ள விட்டுட்டு அடுத்தவன எப்படித் தடுக்கறது?"

எனக்கு வந்ததே கோபம்! "மரத்தை வெட்டிப் போடுங்களேன், யாரு வேணாம்னா? எங்க வீட்டுல வந்து கிடந்தீங்களே, அன்னிக்கு நாங்க என்ன கணக்கா பாத்தோம்?" என்று கத்திவிட்டேன். அம்மா, "வாயை மூடுடி நாயே" என்றாள். ஆன்ட்டி, "அடுத்தவங்க மரத்த நாங்க வெட்ட மாட்டோம்" என்று மட்டும் சொன்னார். போகும்போது அம்மாவின் கன்னத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஆபரேஷன் பண்ணின கண், அழக்கூடாது. அழுதார்.

அன்றைக்கெல்லாம் பாத்திரங்களை டங்கு டங்கென்று போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் யாரை வைவது? எங்கே போனாலும் ஒண்டிக்கொண்டவர்கள் நாங்கள்தான், எங்களை விடச் சிறிய கூட்டம் எதுவுமில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக்கு வருகிறவர்கள் "மதராசி" என்று கூப்பிடும்போது எனக்குள் சுருக்கென்று குத்தும். மெயின்லாண்டுக்குப் போனால் "அந்தமானா? அங்கே காட்டுவாசிங்கதானே?" என்று கேட்பார்கள், அதுவும் குத்தும். ஆனால் கச்சாலில் நின்று பார்த்தால் வந்து குவியப்போகிற பெருங்கூட்டமே நாங்கள்தான். எங்களைப் பார்த்துப் பயப்பட இந்த உலகத்தில் ஆள் இருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அவர்கள் சொல்வதும் நியாயம். நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அது என் அம்மாவுக்கு ஆறடி மண் தருமா?

அம்மா அப்புறம் கப்பலைப் பற்றிக் கேட்கவே இல்லை. விமானம் போனால் சும்மா கூரையைப் பார்ப்பாள். கேட்டுத் தொலைக்கமாட்டாளா என்று எனக்கு இருந்தது. நானே பேச்செடுத்தேன். இங்கேயே நம் ஆட்களைப் புதைக்கிற இடம் இருக்கிறது, நம் சங்கத்தில் சொல்லி நல்ல இடமாகப் பார்க்கலாம் என்றேன். கஞ்சியை ரெண்டு வாய் குடித்தவள், போதும் என்று கையால் தள்ளினாள்.

"புதைக்க வேணாம். எரிச்சிடு."

"நம்ம வழக்கம் இல்லையேம்மா."

"நம்ம வழக்கத்தாலதான இவ்வளவும். புதைச்சா இடம் வேணும். இடம்னு ஒண்ணு இருந்தா எவனாவது ஒருத்தன் வந்து எந்திரிம்பான். செத்த பிறகும் என்னால எந்திரிக்க முடியாதுடி."

நான் கிண்ணத்தைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய் நின்றேன். பின்னாலேயே அவள் குரல் வந்தது.

"சாம்பலையும் அந்தப் பக்கம் போற கப்பல்ல குடுத்து விட்டுறாத. பாவம், அதைப் பாத்தும் பயப்படுவாங்க."

சரிம்மா என்றேன்.