உருக்காலையில் நான் நின்ற இடம்

மடு மாதா கோயில் திருவிழா முடிந்து திரும்பும் பஸ்ஸில்தான் அக்கா அதைக் கேட்டார். மூச்சுவிட இடமில்லாத கூட்டம். எங்கள் இருவருக்கும் எப்படியோ ஓர் இருக்கை கிடைத்திருந்தது. மடியில் தண்ணீர்ப் போத்தலை வைத்துக்கொண்டு, யன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"தம்பி, அவர் வேலை செய்த இரும்பு ஆலையை எனக்குக் கட்டிக் காட்டு. நத்தாருக்குப் பாலன் குடில் கட்டிற மாதிரி. தண்டவாளம், கோச்சி எல்லாம் வை. எந்த இடத்தில அது நடந்ததெண்டு நான் பார்க்கவேணும்."

அவர் என்றது அத்தானை, அக்காவின் கணவரை. நானும் அத்தானும் ஜேர்மனியில் ஓர் உருக்காலையில் வேலை செய்தோம். உலைக்குள் அல்ல, ஆலைக்குள்ளேயே ஓடும் ரயில்பாதையில். உருகிய இரும்பையும் அதன் கசடையும் சுமக்கும் வண்டிகளைக் கொளுவுவதும் கழற்றுவதும் எங்கள் வேலை. மன்னாரில், எங்கள் ஊரான பள்ளிமுனையில், வள்ளத்தில் மீனுக்குப் போய்க்கொண்டிருந்த மனிதரை அங்கே கூப்பிட்டு எடுத்தவன் நான். பதினொரு வருடங்களுக்கு முன்பு, யேசு பிறந்த நத்தார் நாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, இரண்டு வண்டிகளுக்கு இடையில் அகப்பட்டு அவர் இறந்துபோனார். ஊருக்கு மூடிய பெட்டிதான் வந்தது. திறக்க வேண்டாம் என்று தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

அன்றைக்குத் தொலைபேசியில் அக்கா கேட்ட முதல் கேள்வி, "நீ பக்கத்திலதானே நிண்டனி?" என்பதுதான். அவருக்கு அது நோகாமல் இருக்கவேண்டும் என்று நினைத்து, "ஓம்" என்றேன். "ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைகளைப் பார்த்துக்கொள்" என்று சொன்னதாகச் சொன்னேன். உண்மையில் நான் அங்கே இருக்கவேயில்லை. அது என்னுடைய வேலைநேரம். தமிழ்ப் பூசைக்கு வாடகைக்கு எடுத்த கோயிலில், பொம்மைத் தொழுவமாகப் பாலன் குடில் கட்டி முடிக்கவேண்டும் என்று அத்தானிடம் கெஞ்சி, என் இடத்துக்கு அவரை அனுப்பியிருந்தேன். என்னைவிட்டால் குடில் கட்ட ஆளில்லை என்ற திமிர் எனக்கு.

நான் சொன்ன அந்தச் சொல்லை அக்கா சேமக்காலையில் அத்தானின் கல்லறைக் கல்லில் வெட்டுவித்துவிட்டார். அந்தக் கல்லின் படத்தை எனக்கும் அனுப்பினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஏதாவது சாட்டுச் சொல்லி ஊருக்கு வராமல் இருந்தேன். அக்காவின் மகளின் கலியாணத்துக்குக்கூட வரவில்லை. போன வருடம்தான், முதுகு பழுதாகி வேலையை விட்டபின், வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்தேன்.

பஸ்ஸில் அக்காவுக்கு நான் என்ன பதில் சொன்னேன்? "ஓம்" என்றேன். என் கேடெல்லாம் இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது.

"நவம்பர் ரெண்டுக்கு முதல் முடி" என்றார் அக்கா. நவம்பர் இரண்டு மரித்தவர்களின் நாள். எல்லோரும் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளைக் கழுவி, வெள்ளையடித்து, மெழுகுதிரி ஏற்றுவார்கள். அந்த இடத்தைக் கண்டபிறகுதான் இந்த முறை திரி கொளுத்துவேன் என்று மடு மாதாவிடம் நேர்ந்துவிட்டாராம். மாதாவை நடுவில் இழுத்தபிறகு நான் எங்கே ஓடுவது?

என் வாடகை வீட்டு முன்னறையில் இரண்டு பலகைகளை மேசை போலப் போட்டு வேலையைத் தொடங்கினேன். ரயில்கள் என்னிடம் இருந்தன. ஜேர்மனியில் தனிமைக்கு வாங்கிச் சேர்த்தவை, உண்மையானதில் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஆலையை மட்டும் கையால் கட்டவேண்டும். இரும்புக்கல்லை உருக்கும் ஊதுலைக்குத் தண்ணீர்க் குழாயும் பால்மா டின்னும். அதைச் சுற்றி ஓடும் காற்றுக் குழாய்களுக்குப் பனை ஈர்க்கு. உருக்கு மண்டபத்தின் சுவர்களுக்கு மீனுக்கு ஐஸ் போடும் வெள்ளை நுரைப்பெட்டி. இரும்பு உருகி ஓடும் வாய்க்காலுக்குள் மஞ்சள் மின்குமிழ் வைத்து, குடிலுக்கு ஒட்டும் சிவப்புக் கண்ணாடித்தாளால் மூடினேன். சுவிட்சைப் போட்டால் ஆலை எரிந்தது. எனக்கே முதுகு வியர்த்தது.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் அக்கா தேத்தண்ணியோடு வருவார். கருவாட்டு வாடியில் மீன் வெட்டுகிறவர் அவர். மீனைக் கையில் எடுத்தவுடனே அது எத்தனை மணிக்குச் செத்தது என்று சொல்லக்கூடிய கண். அந்தக் கண்ணால் பலகையை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்ப்பார்.

"இந்தப் படி சரியோ?"

"சரி அக்கா. பதினாலு படி."

"இது என்ன?"

"எங்களை மேய்க்கிற போர்மன் இருக்கிற அறை."

"அங்கயிருந்து பார்த்தா அவர் நிண்ட இடம் தெரியுமோ?"

"தெரியாது."

ஒவ்வொரு கேள்வியும் தூண்டில் முள்போல இருந்தது. அவர் போனபிறகு தேத்தண்ணியைக் குடிக்காமலே ஊற்றிவிடுவேன். படிகளைத் திரும்பவும் எண்ணுவேன். பொய்க்காரன் சின்ன விசயங்களில் பிசகமாட்டான் என்பது எவ்வளவு உண்மை! தண்டவாளத்தின் சரிவைக்கூட அளந்து வைத்தேன். அந்தச் சரிவில்தான், பனி பெய்து இறுகியிருந்த காலையில், வண்டிகள் தாமாக உருண்டிருந்தன. போர்மன் எனக்குச் சொன்னது அப்படித்தான்.

நிலக்கரிக் குவியலுக்கும் தண்டவாளத்துக்கு இடையில் போடவும் கடற்கரையிலிருந்து கறுப்பு மணல் அள்ளி வந்தேன். மன்னார்க் கரையில் அலை பின்வாங்கும்போது கோடு கோடாகப் படியுமே, அந்த மணல். கம்பெனிகளை அதைத் தோண்ட விடமாட்டோம் என்று ஊர் சண்டை பிடிக்கிறது. நாங்களோ சின்ன வயதிலிருந்தே பாலன் குடிலின் பாதைக்கு அதைத்தான் போட்டு வந்திருக்கிறோம். உப்பு இருந்தால் தண்டவாளம் கறுத்துவிடும் என்று மூன்று தரம் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கடைசியில் மனிதர்கள். என் நகத்தைவிடச் சற்று உயரமான பிளாஸ்ரிக் பொம்மைகள் நாலு. ஒன்று போர்மன், அவரை அறைக்குள் ஒட்டினேன். ஒன்று தண்டவாளம் மாற்றுகிற கிழவர், அவரை அளவுக் கணக்கில் அறுபது காலடி தள்ளி நிறுத்தினேன். செம்மஞ்சள் மேற்சட்டை போட்டது அத்தான். அவரைப் பக்கப் பாதையில் நின்ற இரண்டு வண்டிகள் சேரும் இடத்தில் வைக்க எனக்கு ஒரு முழு நாள் எடுத்தது. நாலாவது நான். என்னையும் ஒட்டத் தொடங்கினேன், கை நின்றுவிட்டது. பொம்மையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அக்கா வருவதற்கு ஐந்து நிமிடத்துக்கு முன்னர் அத்தானின் பக்கத்தில் வைத்துவிடலாம் என்பது திட்டம். ரயிலை ஓடவிட்டு, வெளிச்சத்தைப் போட்டு, அந்தப் பரபரப்பில் அவர் கண்ணை ஏய்த்துவிடலாம் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

ஒக்டோபர் கடைசி நாள் பின்னேரம் அக்கா வந்தார். முழுகி, நல்ல சீலை கட்டி, கையில் செபமாலையோடு. சொன்ன நேரத்துக்கு அரை மணித்தியாலம் முந்தி வந்துவிட்டார். பொம்மை என் பையிலேயே இருந்தது.

கதிரையைப் பலகைக்கு அருகில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் சுவிட்சைப் போட்டேன். ஊதுலை சிவந்தது. எஞ்சின் மூன்று வண்டிகளை இழுத்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வந்தது. அக்காவின் விரலில் செபமாலை மணி நகர்ந்தது. இரண்டாவது சுற்றில், அத்தான் நின்ற இடத்துக்கு ஒரு சாண் முன்னால், எஞ்சின் முனகியது. முன்னும் பின்னும் ஆடியது. நின்றுவிட்டது.

தள்ளிப் பார்த்தேன். எரிந்த வாடை வந்தது. கெட்ட வார்த்தை ஒன்று வாயில் வந்துவிட்டது. எஞ்சினைத் தூக்கித் திருப்பி, திருகாணியைக் கழற்றினேன். மோட்டரின் காந்தத்தில் கறுப்பு மணல் மயிர்போலச் சிலிர்த்து ஒட்டியிருந்தது. பழைய ரேடியோவின் ஸ்பீக்கர்க் காந்தத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் அதே மணலை அள்ளி விளையாடியவன் நான். பள்ளிமுனையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். உப்பைக் கழுவத் தெரிந்தவனுக்குக் காந்தத்தின் நினைவு வரவில்லை!

நான் குனிந்து ஊசியால் மணலைக் கிளறிக்கொண்டிருக்க, அக்கா எழுந்து பலகையைச் சுற்றி நடக்கத் தொடங்கிவிட்டார். ஓடாத ரயில் அவருக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்துவிட்டது.

"இதார்?"

"போர்மன்."

"இதார்?"

"தண்டவாளம் மாத்திறவர்."

செம்மஞ்சள் சட்டைக்கு வந்தபோது கேட்கவில்லை. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீ எங்க?"

நான் திருகாணியைப் பலகையில் வைத்தேன்.

"பக்கத்திலதானே நிண்டனி. கையைப் பிடிச்சவர் எண்டு சொன்னனியே. எங்க நீ?"

பைக்குள் கைவிட்டுப் பொம்மையை எடுத்தேன். அத்தானுக்குப் பக்கத்தில் வெறும் கறுப்பு மணல். ஒரு விரலளவு இடம். வைத்துவிட்டால் அவ்வளவுதான், அக்கா திரி கொளுத்தப் போவார், நான் செத்துப் போகும்வரை இதைப்பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். என் கை அந்த இடத்துக்கு மேலேவரை போனது. அதற்குக் கீழே இறங்கவில்லை. அந்த மனிதரின் தலையைத் தொடுகிற தூரத்தில் என்னால் அதை வைக்க முடியவில்லை. பலகையைவிட்டு விலகிப்போய், அறையின் மறுபக்கத்து யன்னல் கட்டையில் வைத்தேன்.

"அக்கா, நான் அங்க இல்லை. கோயில்ல நிண்டனான். குடில் கட்டிக்கொண்டு. அது என்ர வேலைநேரம். நான் கேட்டதாலதான் அத்தான் போனவர்."

அக்கா யன்னலையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்ப அவருக்குப் பக்கத்தில ஆர்?"

"ஒருத்தரும் இல்லை. இந்தக் கிழவர்தான் ஓடி வந்தவர். அவர் வரேக்குள்ள முடிஞ்சுது."

"அப்ப அந்தச் சொல்லு?"

"நான் சொன்னது."

அழுவார் என்று நினைத்தேன். அடிப்பார் என்றும் நினைத்தேன், அடித்திருந்தால் நல்லது. அக்கா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மகள் கலியாணத்தண்டு, தாலி கட்ட முதல், அந்தக் கல்லைத் தொட்டிட்டுத்தான் கோயிலுக்குப் போனவள். மகன் குடியை விட்டது அந்தச் சொல்லுக்காக." குரல் உயரவில்லை. "நீ அண்டைக்கே சொல்லியிருந்தா உன்னைத் திட்டியிருப்பன். ஒரு வருசம் கதையாமல் இருந்திருப்பன். அவ்வளவுதானேடா. இப்ப நான் ஆரைத் திட்டிறது?"

செபமாலையைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போனார். வழக்கமாக, "போயிட்டு வாறன்" என்று சொல்லாமல் படி இறங்கமாட்டார். அன்றைக்குச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. யன்னல் கட்டையில் பொம்மையைத் தேடினேன். அதையும் அவர் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

அடுத்த நாள் நான் வெளியே போகவில்லை. அதற்கு அடுத்த நாள் காலை அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. "சேமக்காலைக்கு வா." அவ்வளவுதான்.

போனபோது ஊர் பாதி அங்கே நின்றது. வாளிகளும் விளக்குமாறும் சுண்ணாம்பும். அத்தானின் கல்லறை ஏற்கெனவே கழுவி வெள்ளையடித்திருந்தது. வெள்ளையடித்தபின் கல்லில் வெட்டிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை பூசுவது எங்கள் வழக்கம், வருடத்துக்கு ஒருமுறை. பெயர் பளிச்சென்று கறுத்திருந்தது. பிறந்த நாளும் இறந்த நாளும் கறுத்திருந்தன. அதற்குக் கீழேயிருந்த ஒரு வரி மட்டும் சுண்ணாம்புக்குள் மூடிக்கிடந்தது. உற்றுப் பார்த்தால்தான் எழுத்து இருப்பது தெரியும். என் பொம்மை சிலுவையின் அடியில் நின்றது.

அக்கா மை டின்னையும் தூரிகையையும் என்னிடம் நீட்டினார்.

"உன்ர சொல்லு. நீயே அடி."

"அக்கா, உளியை எடுத்து இதைக் கொத்திப்போட்டு விடுறன்."

"கொத்தினா பிள்ளையள் ஏனெண்டு கேட்குங்கள். நான் என்னத்தைச் சொல்ல? அவர் சொல்லயில்லை எண்டோ? அவர் தனியச் செத்தவர் எண்டோ?" அக்கா தூரிகையை என் கைக்குள் திணித்தார். "எனக்குத் தெரிஞ்சது என்னோட இருக்கட்டும். பின்னேரம் அதுகள் திரி கொண்டு வருங்கள். அதுக்கு முதல் அடி. இனி ஒவ்வொரு வருசமும் நீதான். சாட்டுச் சொல்லாமல் வரவேணும்."

மணலில் முழங்காலில் நின்றேன். தூரிகையை மையில் தோய்த்து, 'பிள்ளைகளை' என்ற சொல்லின் முதல் எழுத்தில் வைத்தேன். மை கூடிப்போய்ச் சுண்ணாம்பில் வழிந்தது.

"துடைச்சிட்டுத் திரும்ப அடி" என்றார் அக்கா, எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.