நான்தான் கெடுத்தேன்

தொண்ணூறுகளின் கடைசியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. சம்பளம் சின்னது, பேர் பெரிது: சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். பழைய எக்ஸ்ரே அறையில் ஒரு சர்வர். அதிலிருந்து வயர் இழுத்து ஓ.பி. சீட்டு, பில், மருந்துக்கடை, லேப் என்று திரையும் கீபோர்டும் மட்டும் உள்ள ஆறு டெர்மினல்கள். பூவார் பக்கத்து முதல் பஸ் வந்து நிற்பதற்குள் சீட்டு வரிசை வாசலைத் தாண்டிவிடும்.

சர்வருக்கு ஒரு நோய் இருந்தது. திங்கட்கிழமை குதிரையாக ஓடும். வியாழக்கிழமை வந்தால் அடித்த எழுத்து ஒவ்வொன்றாகச் சாவகாசமாகத் திரையில் ஏறும். வரிசையில் நிற்பவர்கள் கவுண்டர் பெண்களைத் திட்டுவார்கள், அவர்கள் என்னைத் திட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்வரை ஒருமுறை அணைத்துப் போடுவேன், மறுநாள் சரியாகிவிடும். அதைத்தான் வைத்தியம் என்று நினைத்திருந்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையோடு வரிசையில் நின்ற ஒருத்தி மயங்கி விழுந்த பிறகுதான் மேலிடத்துக்கு உறைத்தது. சாப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஒரு சென்னைக்காரரை வரவழைத்தார்கள்.

அவர் வந்ததும் வியாழக்கிழமைதான். சர்வரில் என்னென்ன ஓடுகிறது என்று திரையில் வரவழைத்துப் பார்த்தார். ஆறு பேர் வேலை செய்யும் இடத்தில் இருபதுக்கும் மேல் செஷன்கள், அதாவது ஒருவர் உள்ளே நுழைந்ததும் சர்வர் திறந்து வைக்கும் இருக்கைகள். பெரும்பாலானவற்றில் டெர்மினலின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறி. சர்வரின் மூளையான சிபியு முழுவதையும் அந்தக் கேள்விக்குறிகள்தான் தின்றுகொண்டிருந்தன. லாக்அவுட் செய்து முறையாக வெளியேறாமல் டெர்மினலை அணைத்தால், சர்வரில் அந்த செஷன் சாகவில்லை. எதிராளி போனை வைத்த பிறகும் ஹலோ ஹலோ என்று கத்துகிறவரைப் போல, வராத எழுத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சாயங்காலமும் ஆறு செஷன் இப்படிச் சேர்ந்தால் வியாழக்கிழமை என்ன கதியாகும்?

டெர்மினலை யார் அணைப்பது என்று அவர் கேட்டார். அறையின் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். வருஷக்கணக்காகத் தினக்கூலிக்கு வேலை பார்ப்பவர். ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்த கணவர் படுக்கையில் விழுந்த பிறகு, வீடு இந்தக் கூலியில்தான் ஓடியது. அவரை நிரந்தரமாக்கும் விஷயம் ஆஸ்பத்திரியை நடத்தும் கமிட்டியின் அடுத்த வாரக் கூட்டத்துக்கு வருவதாக இருந்தது.

"நாந்தான் சாரே கெடுத்தேன்," என்றார். "எல்லா நாளும் கெடுத்திட்டாக்கும் வீட்டுக்குப் போவேன்."

எங்கள் பக்கத்தில் விளக்கைக் கெடுப்பது என்றால் அணைப்பது. மலையாளத்திலும் அப்படித்தான். சென்னைக்காரருக்கு அது எப்படித் தெரியும்? தினமும் கெடுத்துவிட்டுப் போகிறாளாம், அதையும் நிமிர்ந்து நின்று சொல்கிறாளாம் என்று அவர் முகம் சிவந்தது. உடனே மேஜை போனை எடுத்து, திருவனந்தபுரத்தில் இருந்த கமிட்டிச் செயலாளரிடம், துப்புரவு செய்யும் பெண் தானே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

கெடுக்கச் சொன்னது நான். ராத்திரியெல்லாம் திரைகள் எரிகின்றன என்று மேனேஜர் சத்தம் போட்டிருந்தார். ஒவ்வொருவரையும் லாக்அவுட் செய்யப் பழக்குவது என் வேலை. கவுண்டர் பெண்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், வீட்டுக்குப் போகும்போது எல்லாவற்றையும் கெடுத்துவிட்டுப் போங்கள் என்று அக்காவிடம் சொல்லிக் கையைக் கழுவிவிட்டேன். போன் பேச்சு நடக்கும்போது அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். இவர் சொல்லித்தான் செய்தேன் என்று வாயைத் திறக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்தப் பேச்சு முடியும்வரை நான் வாயில் கொழுக்கட்டையோடு நின்றேன்.

போனை வைத்ததும் சென்னைக்காரரிடம் நானும் ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லுக்கு இங்கே என்ன பொருள் என்பதையும், கெடுக்கச் சொன்னது நான் என்பதையும். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவரோ விழுந்து விழுந்து சிரித்தார், தோளில் தட்டினார். மறுபடி போன் போட்டுக் கதையைச் சொன்னார், அந்தப் பக்கமும் ஒரே சிரிப்பு. செயலாளர் என்னிடம் பேசி, இனிமேல் கவனமாக இருக்கச் சொன்னார். அவ்வளவுதான். கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாகக் கொன்றோம். டெர்மினல் அணைந்தால் செஷனும் தானே முடிகிற மாதிரி அவர் மாற்றிக் கொடுத்தார். மத்தியானம் மேனேஜர் எனக்கும் சென்னைக்காரருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார், நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

அடுத்த வாரக் கமிட்டியில் அக்காவின் விஷயத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள். மேனேஜரிடம் ஓடினேன். தப்பு என்னுடையது என்று அன்றைக்கே சொன்னேனே என்றேன். தெரியும், ஆனாலும் ஒரு புகாரில் பெயர் அடிபட்டுவிட்டது, கொஞ்சம் ஆறட்டும் என்றார். என் பெயரும்தானே அடிபட்டது என்று கேட்டேன். அது வேறு, இது வேறு என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர்மேல், பாதி என்மேல்.

அக்கா லேப் வராந்தாவில் துணி பிழிந்துகொண்டிருந்தார். கமிட்டி முடிவைச் சொன்னேன். அன்றைக்கு ஆங்கிலத்தில் பேசியது என்ன, பிறகு ஏன் சிரித்தார்கள் என்பதையும் சொன்னேன். அவர் பிழிந்த துணியை வாளி விளிம்பில் போட்டார்.

"சாரை அவிய ஒண்ணும் செய்யல்லியே?"

இல்லை என்றேன்.

"அது மதி, அது போதும். சாருக்குக் கலியாணங்கூட ஆவல்ல. சோலி போனா ஆரு பெண்ணு தருவா?"

குத்திக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எனக்காக நிஜமாகவே நிம்மதிப்பட்டார்.