அரை இஞ்சுத் தகடு

கொட்டகையைக் காலி செய்த அன்று அங்கே இருந்தவர்கள் இவர்கள். கொட்டகையின் சொந்தக்காரர் கருப்பையா அண்ணன், முட்டிவலியோடு பிளாஸ்டிக் நாற்காலியில். என்னோடு இருபது வருஷம் படகு தேய்த்த சூசை, மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு. பொக்லைன் ஓட்ட வந்த ஆள், காதில் போனோடு. நான். நிழலுக்கு வந்து படுத்த ஒரு நாய். வேறு யாரும் வரவில்லை. வருவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

மணமேல்குடி தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் இருந்தது அந்தக் கொட்டகை. ஃபைபர் படகு செய்கிற இடம். படகுக்கு முதலில் அச்சு வேண்டும். அச்சுக்குள் ஃபைபர் பாயை விரித்து, ரெசின் பசையை ஊற்றி, உருளையால் தள்ளித் தள்ளி ஒட்ட வைப்போம். காய்ந்ததும் பெயர்த்தெடுத்தால் படகு. அச்சுகளை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. அதனால் உடைத்தோம்.

உடைத்தால் உள்ளே அடைந்து கிடந்த ரெசின் வாடை வெளியே வரும். லேசான இனிப்பு, பின்னாலேயே கண்ணெரிச்சல். எத்தனை வருஷம் ஆனாலும் போகாது. அந்த வாடை பட்டதும் எனக்கு முழங்கைகள் அரிக்க ஆரம்பித்துவிடும். ஃபைபர் தூசி தோலுக்குள் போனால் போனதுதான். எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் வராது. கல்யாண வீட்டு போட்டோக்களில் எல்லாரும் சிரிப்பார்கள், நான் மட்டும் சொறிந்துகொண்டு நிற்பேன். என் வீட்டில் அப்படி நாலு போட்டோ இருக்கிறது.

படகு அச்சுகளுக்கு அடியில் ஒரு சின்ன அச்சு கிடந்தது. ஆள் கை நீட்டிய நீளம், முக்கால் அடி அகலம், நடுவில் லேசான வளைவு. பொக்லைன்காரர் இறங்கி வந்து பார்த்தார்.

"இது என்னண்ணே, பெரிய ஃபேன் எலையா?"

"காரோட றெக்கை" என்றான் சூசை.

"காருக்கு எதுக்குண்ணே றெக்கை? பறக்கவா?"

"பறக்காம இருக்க."

அவருக்கு அது விளங்கவில்லை. எங்களுக்கும் முதலில் விளங்கவில்லைதான்.

ரெங்கன் என் தம்பி. எனக்கும் அவனுக்கும் பன்னிரண்டு வயசு வித்தியாசம். கீரமங்கலத்தில் எங்களுக்குப் பூக்கொல்லை இருந்தது. விடிவதற்கு முன்னால் பூ எடுக்கப் பிடிக்காமல் நான் கடலோரம் வந்தேன், அவன் கோயம்புத்தூர் போனான். அங்கே ஒரு ரேஸ் கார் டீமில் நட்டு போல்ட்டு முடுக்குகிற வேலை. ஒரு நாள் ஓட்டுகிறவருக்குக் காய்ச்சல் என்று இவனைக் காரில் உட்கார வைத்திருக்கிறார்கள். நன்றாக ஓட்டிவிட்டான். அந்த ஒரு சீசனுக்கு மட்டும் அவனுக்கு டிரைவர் சீட்டு கொடுத்தார்கள். மற்ற டிரைவர்கள் எல்லாம் கையில் காசோடு வருகிறவர்கள். இவன் வெறுங்கையோடு போனவன்.

கடைசிக்கு முந்தின ரேஸில் காரைச் சுவரில் அடித்துவிட்டான். வேகமான வளைவு ஒன்றில் காரின் வால் வெளியே போய், பின்பக்கமாகச் சுவரில் மோதியிருக்கிறது. இவனுக்குத் தோள்பட்டைப் பக்கம் காறை எலும்பு விட்டுப்போனது. காருக்குப் பின் இறக்கை உடைந்தது. வேறு இறக்கை டீமில் இல்லை. வெளியிலிருந்து வரவழைக்க நாளாகும். கடைசி ரேஸில் முதல் ஆறு பேருக்குள் வந்தால் அடுத்த வருஷமும் சீட்டு, இல்லாவிட்டால் பழையபடி போல்ட்டு முடுக்கப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். இறக்கையே இல்லாமல் ஆறு என்ன, அறுபதுக்குள்ளும் வர முடியாது.

இரண்டு துண்டாய்ப் போன இறக்கையைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு கைதான் சரியாக மேலே போனது.

"அண்ணே, படகு செய்யிறீங்கள்ல. இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தாங்க. எலும்பு கூடுறதுக்குள்ள வேணும்."

கருப்பையா அண்ணன் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது போட்டோட சுக்கான் மாதிரில்ல இருக்கு. வச்சிட்டுப் போ தம்பி. கச்சிதமா செஞ்சிருவோம்."

அவன் ஆத்தாவைப் பார்க்க ஊருக்குப் போனான். நாங்கள் துண்டுகளை ஒட்டி, பட்டி பூசி, மெழுகு தேய்த்து, அதிலிருந்து அச்சு எடுத்து, அச்சிலிருந்து புது இறக்கை எடுத்தோம். சூசை தேய்த்தான். சூசை தேய்த்தால் ஈ உட்கார்ந்தால் வழுக்கும். படகு வேலையில் பழகியவன் கை ஓர் ஓரத்தையும் சும்மா விடாது. எங்கேயாவது துருத்திக்கொண்டு நின்றால் வலை மாட்டும், கை கிழியும். அச்சின் இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில் ரெசின் பிதுங்கி நிற்கும். அதைப் பிசிறு என்போம். பிசிறோடு படகை அனுப்பினால் அந்தப் பட்டறைக்கு மரியாதை கிடையாது.

ரெங்கன் திரும்பி வந்து இறக்கையைத் தடவினான். முன்னோரத்திலிருந்து பின்னோரம்வரை கை போனது. அங்கே நின்றது.

"இங்க ஒரு மடிப்பு நின்னுச்சே. பின்னாடி, நெட்டுக்குத்தலா. அது எங்கண்ணே?"

"அதுவா" என்றான் சூசை. "பிசிறு நின்னுச்சு. அச்சு எடுக்குறதுக்கு முன்னாடியே வழிச்சு விட்டுட்டேன். இப்ப பாரு, பட்டு மாதிரி இருக்கு."

ரெங்கன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கருப்பையா அண்ணன் சொன்னார். "அவன்கிட்ட காரையே குடுத்திருந்தாலும் தேச்சுத் தோணியாக்கியிருப்பான்."

சூசை மட்டும் கொஞ்சம் சிரித்தான், அப்புறம் நிறுத்திக்கொண்டான்.

அப்போதுதான் ரெங்கன் எங்களுக்கு அதைச் சொன்னான். அவனுக்கு டீம் இன்ஜினியர் சொல்லிக் கொடுத்ததாம். விமானத்து இறக்கை மேலே தூக்கும். அதையே குப்புறக் கவிழ்த்துப் போட்டால் கீழே அமுக்கும். அமுக்கினால் டயர் ரோட்டை விடாது. அதற்குத்தான் காரில் இறக்கை. ஆனால் இறக்கையின் அடியில் ஓடுகிற காற்று கடைசிவரை ஒட்டிக்கொண்டு வராது. பாதி வழியில் பிய்த்துக்கொண்டு போய்விடும். போனால் அமுக்குவதும் போச்சு, காரின் வாலும் போச்சு.

"அதுக்குத்தாண்ணே அந்த மடிப்பு. வெரல் அகலம்தான். மேல வர்ற காத்து அதுல முட்டும். அதுக்குப் பின்னாடி ஒரு சுழி விழும். அந்தச் சுழி அடியில போற காத்தை மேல இழுத்துப் புடிச்சுக்கும். பிச்சுக்கிட்டுப் போகவிடாது."

முகத்துவாரத்தில் முளைக்கம்பு நட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஓடுகிற தண்ணீரில் கம்புக்குப் பின்னால் மட்டும் சுழி நிற்கும். பக்கத்தில் போகிற தூசி தும்பு எல்லாம் அந்தச் சுழிக்குள் வந்துவிடும். நான் அதைத்தான் நினைத்துக்கொண்டேன். என் படிப்புக்கு அது போதும்.

"அப்ப தகடு வச்சு அடிச்சிட்டாப் போச்சு" என்றான் சூசை. அவன் அறந்தாங்கிக்கு அப்போதே கிளம்பிவிட்டான். கதவு, ஜன்னல் செய்கிற கடையில் எல் மாதிரி மடிந்த அரை இஞ்சு அலுமினியத் தகடு, ஆங்கிள் என்பார்கள், அதை வாங்கி வந்தான். காசை அவன் கடைசிவரை யாரிடமும் கேட்கவில்லை.

ரெங்கன் போனில் இன்ஜினியரிடம் பேசினான். ஆங்கிள் போடலாம், உயரம் எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றாராம். உயரம் கூடினால் அமுக்குவதும் கூடும், காரைப் பின்னால் இழுப்பதும் கூடும். அதனால் இரண்டு துண்டு செய்தோம். ஒன்று அரை இஞ்சு. இன்னொன்றை அறுத்துக் கால் இஞ்சு. இரண்டுக்கும் ஒரே இடத்தில் திருகாணி ஓட்டை. கழற்றி மாற்றப் பத்து நிமிஷம் போதும்.

பார்ப்பது எப்படி? கருப்பையா அண்ணன்தான் வழி சொன்னார். மீன் பெட்டி எடை போடுகிற மேடைத் தராசைப் பிக்அப் வண்டியின் பின்னால் வைத்தோம். அதன்மேல் குழாய்க் கால் வைத்து, வண்டியின் தலைக்கு மேலே நிற்கிற மாதிரி இறக்கையைப் பூட்டினோம். பின்னால் சாயாமல் முன்பக்கம் ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் நடுவே கொக்கித் தராசு. மேடைத் தராசு எவ்வளவு அமுக்குகிறது என்று சொல்லும், கொக்கித் தராசு எவ்வளவு இழுக்கிறது என்று சொல்லும். இரண்டிலும் மீன் வாடை.

காலையில் ஐஸ் லாரிகள் போன பிறகு சாலை காலியாக இருக்கும். அந்த நேரத்தில் போனோம். கருப்பையா அண்ணன் ஓட்டினார், எண்பதில். ரெங்கன் பக்கத்தில். நானும் சூசையும் பின்னால் குந்திக்கொண்டு ஆளுக்கொரு தராசு. டீக்கடையில் ஒருவர் எழுந்து நின்று கத்தினார்.

"எந்தக் கட்சிக்குய்யா ஓட்டுக் கேக்குறீங்க?"

"றெக்கைச் சின்னம்!" என்று சூசை கும்பிட்டான்.

தகடு இல்லாமல் ஓட்டியபோது, இறக்கையின் எடை போக, மேடைத் தராசு ஒன்பது கிலோ காட்டியது. கால் இஞ்சு வைத்ததும் பதினொன்று. கொக்கித் தராசு லேசாகத்தான் அசைந்தது. வெறும் கையால் கிள்ளி எறிகிற தகட்டுக்கு இரண்டு கிலோ. எனக்கு நம்ப முடியவில்லை, மறுபடி ஓட்டச் சொன்னேன். மறுபடியும் அதேதான். அரை இஞ்சு வைத்ததும் பன்னிரண்டரை. ஆனால் கொக்கித் தராசு இந்த முறை ஒரு கிலோ மேலே போய்விட்டது. கயிறு விறைத்து முனகியது.

வண்டியை ஓரம் கட்டி எல்லோரும் இறங்கினோம்.

"கால் இஞ்சுதான் சரி" என்றான் சூசை. "கேட்டதுல பாதிக்கு மேல கெடைக்குது, இழுவையும் இல்ல. அரை இஞ்சு போட்டா நேர்ரோட்டுல ஒனக்கு எல்லாரும் டாட்டா காட்டிட்டுப் போவாங்க தம்பி."

ரெங்கன் இரண்டு தகடுகளையும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அரை இஞ்சே இருக்கட்டும்ணே."

"ஆறுக்குள்ள வரணும்னில்ல சொன்ன?" என்றேன்.

"வளைவுல வண்டி நிக்கணும்ல."

சொல்லும்போது அவன் கை காறை எலும்புக்குப் போனது. அவனுக்கே தெரியாமல் போனது. நான் பார்த்தேன். சூசையும் பார்த்தான். கருப்பையா அண்ணன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சுவரில் மோதியவன் அவன். நாங்கள் மோதவில்லை. அரை இஞ்சை நான்தான் முடுக்கினேன். கால் இஞ்சைக் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, அவன் பையில் போட்டேன். ஒருவேளை அங்கே போய் மனசு மாறினால் ஆகும் என்று.

கிளம்பும்போது "வாரேண்ணே" என்றான். சூசை பஸ் ஏணியில் ஏறி இறக்கையைக் கட்டினான். கண்டக்டர் கேட்டதற்கு வாட்டர் டேங்க் மூடி என்று சொன்னான்.

அந்த ரேஸை நான் பார்க்கவில்லை. அன்றைக்கு ஒரு படகை அச்சிலிருந்து பெயர்க்க வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த மாசம் ரெங்கன் ஊருக்கு வந்தபோது அவன் பையை நான்தான் வாங்கி வைத்தேன். காகிதம் பிரிக்காமல் இருந்தது. நூலில் நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

இப்போது அவன் சவுதியில் டிரெய்லர் ஓட்டுகிறான். அவன் போகிற சாலையில் வளைவே கிடையாதாம். அவன் ஓட்டிய அந்த ரகக் கார்களே இப்போது இல்லை என்கிறான். புதுக் கார்களுக்கு இறக்கை பெட்டியில் வந்து இறங்குமாம். அதில் யாரும் கை வைக்கக் கூடாதாம். ஒரு தகட்டை ஒட்டினாலும் காரை ரேஸிலிருந்தே வெளியே எடுத்துவிடுவார்களாம். சூசை இறால் கம்பெனி ஒன்றின் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறான். கொட்டகை நின்ற இடம் இப்போது வெறும் மணல். அச்சுத் துண்டுகளை லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள், எங்கே கொட்டினார்கள் என்று தெரியாது. கருப்பையா அண்ணன் அந்தப் பக்கம் வருவதில்லை. எனக்கும் அந்த வழியாகப் போக வேலை இல்லை.

ரேஸ் நடந்த அன்று சாயங்காலம் ரெங்கன் போன் செய்தான். பின்னால் ஸ்பீக்கரில் யாரோ பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கை நிறைய ரெசினோடு நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன். சூசை உருளையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, ஒரு தடவகூட வால் நழுவலண்ணே. அந்த வளைவுல அப்படியே ஒட்டிக்கிட்டு வந்துச்சு. சூசண்ணன்கிட்ட சொல்லுங்க."

"சரிடா. ஒடம்பு நல்லா இருக்கா?"

"இருக்கு."

"எத்தனாவது?"

ஸ்பீக்கரில் இன்னொரு பேர் வாசித்தார்கள்.

"ஏழு."