மகளின் முதுகு

என் கழுத்து திரும்பாது. பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் உடம்பையே திருப்ப வேண்டும். சோம்பலாக இருந்தால் கண்ணை மட்டும் ஓரத்துக்குத் தள்ளிக்கொள்வேன். அதனால் நான் சும்மா பார்த்தாலே வேவு பார்ப்பது போல இருக்கிறது என்பாள் மனைவி. நான் சும்மா பார்ப்பதும் குறைவுதான்.

எனக்கு முதுகெலும்பில் வாதம். வயதானவர்களுக்கு வரும் தேய்மானம் இல்லை இது. இளவயதிலேயே வந்து உட்கார்ந்துகொண்டு மூட்டுகளை மெல்ல மெல்ல இறுக்கிவிடுகிற வியாதி. ஓய்வெடுத்தால் விறைக்கும், நடமாடினால் இளகும். காலையில் கட்டிலிலிருந்து இறங்க மனைவி கை கொடுக்க வேண்டும். மத்தியானம் தேனாம்பேட்டை ஆபீஸில் மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பேன். இந்த வியாதியே தாமதமாக வருவதற்கு நான் கட்டிய கதை என்று அங்கே எல்லோரும் நினைத்தார்கள். அவர்கள் என்னை நம்பவில்லை, நான் அவர்களை நம்பவில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

“பிள்ளைங்களுக்கும் வரலாம், வராமலும் போகலாம்” என்று டாக்டர் ஒருநாள் போகிற போக்கில் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எனக்கு ஒரே மகள். அன்றிலிருந்து அவள் முதுகைக் கண்காணிப்பது என் வேலையாகிவிட்டது.

அவள் எழுந்திருக்கும் நேரத்தில் எனக்கு ஹாலில் ஏதாவது வேலை இருக்கும். பாய் மேல் எப்படிப் புரள்கிறாள், கையை ஊன்றுகிறாளா, பல் தேய்க்கக் குனியும்போது முகம் சுளிக்கிறாளா, எல்லாம் பார்ப்பேன். சில சமயம் அவள் எதிரே வேண்டுமென்றே மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கீழே போடுவேன். எடுத்துக் கொடுப்பாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒருநாள் முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுத்தாள். முதுகுவலிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை அது. வாங்கிய கூட்டை மறுபடியும் கீழே போட்டேன்.

அதே மாதத்தில் இன்னொன்று. வெள்ளிக்கிழமை மட்டும் தலைக்குக் குளிக்கிற பெண், புதன்கிழமை சாயங்காலம் பின்னலுக்குள் ஈரம் காயாமல் வீட்டுக்கு வந்தாள். கேட்டதற்கு, “காலேஜ்ல பிராக்டிஸ்பா, ஒரே வேர்வை” என்றாள். என்ன பிராக்டிஸ் என்று கேட்பதற்குள் சமையலறைக்குள் போய்விட்டாள். அடுத்த புதனும் ஈரத் தலை.

“யாரோ பையன் இருக்கான்” என்றாள் மனைவி, கவலையாக. பையனாக இருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு. காலை விறைப்பு தாங்காமல் நான் வெந்நீரை முதுகில் ஊற்றிக்கொண்டு நிற்பவன். இவளும் எங்கேயோ போய் அதைத்தான் செய்கிறாள், வலியை எங்களிடம் மறைக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மூன்றாவது புதன்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, அவள் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஆட்டோவில் போனேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“இன்னா சார், பொண்ணா? லவ் மேட்டரா?”

“முதுகு மேட்டர்” என்றேன். அவர் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடையாறில் ஒரு நீச்சல் குளத்தின் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். வெளியே புங்கமரத்தடியில் காத்திருந்தேன். காத்திருந்ததில் என் முதுகு விறைத்துக்கொண்டது. அவள் திரும்பி வந்தபோது தலையிலிருந்து குளோரின் வாடை அடித்தது. என்னைப் பார்த்து அவள் திடுக்கிடவே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“பின்னாடியே வந்தியாப்பா?”

“எத்தனை நாளா வலிக்குது?”

“வலிக்கல.”

“பொய் சொல்லாதே. டாக்டர் என்னையும்தான் நீந்தச் சொன்னார்.”

“சொன்னாரு. தண்ணி சுத்தமா இருக்காதுன்னு நீதான் வரல. நாளைக்கு எனக்கு வந்தா அப்ப போய்க் கத்துக்க முடியுமா? அதான் இப்பவே கத்துக்கறேன். குனியறது, எழுந்திருக்கறது, எல்லாம் இப்பவே பழகிக்கறேன்.”

“இதை வீட்டுல சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா வலிக்குதான்னு கேப்ப. தினம் கேப்ப.”

அவளையே பார்த்தேன். எப்படிப் பார்த்தேனோ தெரியாது. அவள் பையை என் கையில் கொடுத்தாள். டாக்டர் ஒவ்வொரு முறையும் என்னை முழங்கால் மடங்காமல் குனியச் சொல்வார். என் விரல்கள் முழங்காலைத் தாண்டாது. மகள் அந்த வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு, அதே மாதிரி நின்று குனிந்தாள். இரண்டு உள்ளங்கைகளும் தரையில் முழுசாகப் படிந்தன. ஈரப் பின்னல் சரிந்து மண்ணில் கிடந்தது. குளத்துக்கு வந்த குழந்தைகள் வேடிக்கை பார்த்தார்கள்.

“போதுமா?” என்றாள், தலைகீழாக.

போதும், எழுந்திரு என்றேன். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் விறைப்பு என்பது காலையில் எழுந்தவுடன்தான் தெரியும், இப்போது மணி பத்தாகிவிட்டது, அதுவும் நீந்திவிட்டு வந்திருக்கிறாள் என்று மனம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. 

அவள் நிமிர்ந்து, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

“நாளைக்குக் காலைல எழுந்ததும் மறுபடி குனிஞ்சு காட்டறேன்பா. அப்பதான நீ நம்புவ?”

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.