கதவு தட்டாத ஊரில் ஒரு மே மாதம்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் பர்மாவுக்குள்ளேயே பகான், கலோ, தன்லியின் என்று பஸ்ஸில் போய்விட்டு வரக்கூடிய ஊர்களைப் பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை வடதுருவத்துப் பக்கம். சுற்றிப் பார்க்கும் ஆசையில் போகவில்லை. என் தம்பி ரஹீம் கனடாவின் வடகோடியில், இனுயிட் மக்கள் வாழும் சின்னஞ்சிறு ஊர் ஒன்றில், அங்குள்ள ஒரே பெரிய கடையில் வேலை பார்க்கிறான். படிக்கப் போனவன் அப்படியே தங்கிவிட்டான். அவனைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி உம்மா என்னை அனுப்பினார்.

எங்களுக்கு யாங்கூனில், பசுந்தாங் பகுதியில், வாப்பா விட்டுப்போன இரும்புச் சாமான் கடை இருக்கிறது. ஆணி, கீல், பூட்டு விற்கிறோம். சில வருஷமாக நன்றாக ஓடுவது தாழ்ப்பாள்தான். ஏன் என்று யாங்கூன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ராத்திரியில் ராணுவத்தார் வந்து கதவைத் தட்டி, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். வயசுப் பையன்களைப் பட்டாளத்துக்கு எடுக்கிறார்கள். ரஹீமுக்கு இருபத்தேழு வயது. இதெல்லாம் தெரிந்தும், நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்ததிலிருந்து உம்மாவுக்கு ஒரே பேச்சு.

"ஆளப் புடிச்சு பட்டாள லிஸ்ட்டுலேர்ந்து அவன் பேர எடுத்துடலாம். புள்ள என் கண்ணு முன்னால இருந்தாப் போதும். நீ போய்க் கூட்டிட்டு வா."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஒற்றை ஆளாகக் கடையைக் கட்டி இழுத்து எனக்கும் அலுத்துப்போயிருந்தது.

விசா கைக்கு வர மூன்று மாதம் பிடித்தது. மே முதல் வாரம் கிளம்பினேன். விமான நிலையத்துக்கு வந்த டாக்ஸி ஓட்டுநர், ஃபேக்டரிகள் நிறைந்த லைங் தாயாக்காரர். நான் போகும் இடத்தைக் கேட்டுவிட்டு, "எங்க வீட்டம்மா ஃபேக்டரில தைக்கிற பனி ஜாக்கெட் எல்லாம் அங்கதான் போகுது. அவ ஒரு நாளும் போட்டுப் பாத்ததில்ல" என்று பர்மிய மொழியில் சொன்னார்.

வழியைக் குறித்துக்கொள்ளுங்கள். யாங்கூனிலிருந்து பாங்காக் ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து டொராண்டோ வழியாக ஒட்டாவா. ஒட்டாவாவிலிருந்து இக்கலுயிட் மூன்று மணி நேரம். கடைசியாகச் சின்ன விமானத்தில் இரண்டு மணி நேரம். காற்றடித்தால் சின்ன விமானம் கிளம்பாது, என்னை இரண்டு நாள் உட்கார வைத்துவிட்டது. இக்கலுயிட்டில் அறை வாடகை ஒரு இரவுக்கு முன்னூறு கனடா டாலர். அந்தச் செலவையும் சேர்த்துத் திட்டம் போடுங்கள்.

ஊரின் விமான நிலையம் ஒரே ஓர் அறை. ரஹீம் பனியில் ஓடும் ஸ்னோமொபைலோடு வந்திருந்தான். இரண்டு கிலோமீட்டர், முகமெல்லாம் மரத்துப்போனது. மைனஸ் எட்டு டிகிரி. "இதுதான் ராத்தா எங்க சித்திர வெயிலு" என்றான். எங்கள் பேச்சில் அக்காவை ராத்தா என்போம். அவன் 'எங்க' என்று சொன்னது என் காதில் தங்கிவிட்டது.

அங்கே வசந்தம் என்றால் பூவை எதிர்பார்க்காதீர்கள், வெளிச்சம்தான் வசந்தம். ராத்திரி பதினொரு மணிக்கும் பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடுகிறார்கள். தூங்குவதற்காக ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டுகிறார்கள். உறைந்த கடல்மேல் தூரத்தில் கறுப்புப் பொட்டுகளாகக் கடல்நாய்கள் வெயில் காய்கின்றன. பள்ளிக்கூடம் பாதி காலி, வராத பிள்ளைகள் குடும்பத்தோடு ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருக்கிறார்கள். பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டிலை இறக்கிவிட்டு, பக்கத்திலேயே படுத்துக் கதை பேசுகிறார்கள். ரஹீமும் அதில் கில்லாடியாகி இருந்தான். "இறைச்சின்னா ஹலாலான்னு யோசிக்கணும், மீனுக்கு அந்தத் தொல்ல இல்ல" என்றான்.

முதல் நாள் காலையிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலையில் முக்காடு இல்லாமல் அடுப்படியில் நிற்கிறேன், ஓர் ஆள் கதவைத் திறந்துகொண்டு நேராக உள்ளே வந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றினார், நாற்காலியில் உட்கார்ந்தார், டீ குடித்தார், போய்விட்டார். நாலு வார்த்தைகூடப் பேசவில்லை. அந்த ஊர் வழக்கம் அது. யாரும் கதவைத் தட்டுவதில்லை. தட்டினால் வெளியாள் என்று அர்த்தம். பக்கத்து வீட்டு மேரி தினமும் அப்படித்தான் வருவார். ஐம்பது வயதிருக்கும், தோலில் கையுறை தைப்பவர். நான் கொண்டுபோன, இலையை ஊறவைத்துச் செய்யும் பர்மாத் தேயிலை ஊறலை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மரியாதைக்காக இன்னொரு வாயும் சாப்பிட்டார்.

"தாப்பா போடாதீங்க ராத்தா, இங்க யாரும் போட மாட்டாங்க" என்று தம்பி சொல்லியிருந்தான். தாழ்ப்பாள் விற்றுச் சாப்பிடுகிற குடும்பத்துப் பெண்ணிடம் சொல்கிற பேச்சா அது?

நாலாம் நாள் அவனும் மேரியின் கணவரும் விரிகுடாவின் பனிக்கட்டியைக் கடந்து இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஏரிக்குப் போனார்கள். உம்மா சொன்னதை அதுவரை நான் சொல்லவில்லை. அவன் திரும்பியதும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். மத்தியான லுஹர் தொழ வேண்டும், யாராவது உள்ளே வந்துவிடக் கூடாதே என்று தாழ்ப்பாள் போட்டேன். தொழுது முடிக்கவும் கதவு தடதடவென்று தட்டப்படவும் சரியாக இருந்தது.

நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். விளக்கை அணைத்தேன். வெளியே கொட்டும் வெயில், இருந்தும் அணைத்தேன். ஃபோனை நிறுத்தினேன். குளியலறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டேன். பசுந்தாங்கில் செய்வதை என் கைகால்கள் தானாகச் செய்தன. வெளியே பெண் குரல் ஏதோ கூப்பிட்டது, அது மேரி என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. தட்டல் நின்றது. மறுபடி தொடங்கியது.

அந்த ஊரில் திறக்காத கதவு என்றால் உள்ளே ஆபத்து. ஹீட்டர் புகையில் மயங்கிப்போனவர்கள் உண்டாம். மேரி பயந்துபோய் ஊர் ரேடியோவில் சொல்லிவிட்டார். ஏரியில் கையடக்க ரேடியோ வைத்திருந்த என் தம்பி அதைக் கேட்டான். மத்தியான வெயிலில் பனிக்கட்டி இளகி வெடிக்கும், ஊர்க்காரர்களே அந்த நேரத்தில் விரிகுடாவைக் கடக்க மாட்டார்கள். கடந்து வந்துவிட்டான்.

ஜன்னலை உடைக்கச் சுத்தியலோடு ஆட்கள் நிற்கும்போதுதான், "ராத்தா, நான்தான்" என்று தமிழில் குரல் கேட்டது. திறந்தேன். வழியில் பனிக்கட்டி உடைந்து இடுப்புவரை நனைந்திருந்தான். தாடை கிடுகிடுவென்று ஆடியது.

"ஏன் தொறக்கல?"

"யாரோ தட்டுனாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. மேரிக்குப் புரியவில்லை. அவன் காலைத் துணியால் தேய்த்துக்கொண்டே, "உங்கள் ஊரில் கதவைத் தட்டுவது யார்?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அழுதுவிட்டேன். என்னால் தம்பி செத்திருப்பான். அதைவிட, இந்தப் பயத்துக்குள் அவனைத் திரும்ப இழுத்துப்போகவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

எல்லோரும் போன பிறகு ரஹீம் போர்வைக்குள் இருந்தபடி கேட்டான். "உம்மா என்னமோ சொல்லி அனுப்பிருப்பாங்களே, நீங்க இன்னும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லல. மாங்கா ஊறுகாதான் குடுத்து வுட்டாங்க."

அவன் ஊறுகாய்ப் புட்டியைக் கேட்டு வாங்கி, விரலால் தொட்டு நக்கினான். மற்ற நாட்களில் அவனோடு கடைக்குப் போனேன், மேரியிடம் கையுறை தைக்கக் கற்றுக்கொண்டேன். கதவைத் திறந்தே வைத்திருக்கவும் பழகினேன், அதுதான் பெரும்பாடு.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. நல்ல கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகாதீர்கள், பனி வெளிச்சம் கண்ணைக் கெடுத்துவிடும். ஈரம் புகாத முழங்கால் பூட்ஸ் வேண்டும். காய்கறி யானை விலை, ஒரு பை ஆப்பிள் பதினைந்து டாலர். பருப்பு, மசாலா கையோடு கொண்டுபோங்கள். ஊர்க்காரர் துணையில்லாமல் கடல் பனியில் கால் வைக்காதீர்கள். யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத் தட்டாதீர்கள், திறந்துகொண்டு உள்ளே போங்கள். தாழ்ப்பாள் போடாதீர்கள்.

நான் பசுந்தாங் வந்து சேர்ந்தபோது மாலை ஏழு மணி. கரண்ட் இல்லை. ஃபோனில் சார்ஜ் இல்லை, கீழிருந்து உம்மாவைக் கூப்பிட வழியில்லை. பெட்டியை மூன்று மாடி தூக்கி ஏறினேன். வீட்டுக் கதவிடுக்கில் மெழுகுவர்த்தி வெளிச்சம் தெரிந்தது. பழகின கை கதவைத் தள்ளிப் பார்த்தது. திறக்கவில்லை. யோசிக்காமல் தட்டிவிட்டேன்.

உள்ளே வெளிச்சம் அணைந்தது.

"உம்மா, நான்தான்" என்றேன். எங்கள் கடைத் தாழ்ப்பாள் மூன்றும் ஒவ்வொன்றாக விலகின. உம்மா என் தோளுக்குப் பின்னால் இருட்டுப் படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வரலையா?"

"வரல உம்மா."

என்னை உள்ளே இழுத்து, மூன்று தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு, கதவில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினார்.

"வர வேணாம்" என்றார். "அங்கயே இருக்கட்டும் எம்புள்ள."