சும்மா நின்ற நாற்பத்தொரு வரிகள்

சும்மா நிற்பவனைக் கண்டால் அர்ச்சுனன் அண்ணனுக்கு ஆகாது. வேலை இல்லாத நேரத்தில் நான் கொஞ்சம் சுவரில் சாய்ந்தால் போதும், "பத்துமலை, அந்த வயரையாவது சுத்தி வைலா" என்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா சன்னாசி, அம்மா இருளாயி, இரண்டு பேரும் ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டியவர்கள். மூச்சு வாங்க ஒரு நிமிடம் நின்றாலும் கங்காணி கத்துவார்: "என்ன சும்மா நிக்கிற?" அதைக் கேட்டே வளர்ந்தவர் ஐந்தாம் படிவம் முடித்து, தபாலில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, தோட்டத்தை விட்டு வெளியே வந்தார்.

வந்தவரை வெளியூர் வாழவிட்டதா? காம்பாரில் ஈயச் சுரங்கப் பட்டறையில் வேலை. எண்பத்தைந்தில் ஈய விலை விழுந்தது, சுரங்கத்தை மூடினார்கள். பிறகு ஈப்போவில் ஒரு தொழிற்சாலை. அங்கே "ஆள் மிகுதி" என்று ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். தப்புச் செய்து வேலை போனால் மனம் ஒருவழியாக ஆறிவிடும். ஆள் மிகுதி என்று போனால் எப்படி ஆறும்? எங்கள் ஆட்கள் இதற்கு "புவாங் பண்ணிட்டான்" என்பார்கள். குப்பையை வீசுவதற்கும் மலாயில் அதே சொல்தான்.

அதன்பிறகுதான் நான் வயரிங் செய்துகொண்டிருந்த லியோங் தவுக்கேயின் கடைக்கு வந்தார். சீன முதலாளியை நாங்கள் தவுக்கே என்போம். செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு லாரி நிறுக்கும் கருவி செய்து கொடுக்கும் சின்னக் கடை. மூன்று மாதம் சோதனைக் காலம் என்றார் தவுக்கே. மூன்று ஆறாகி, ஆறு ஒன்பதானது. "இது சோதனைக் காலமா, இல்ல காலமெல்லாம் சோதனையா?" என்று அண்ணி நல்லம்மாள் என்னிடமே கேட்டார். எண்பத்தொன்பதில் கடைசியாக ஒரு தவணை. ஒரு சனிக்கிழமை ஆயர் தாவார் ஆலை மேனேஜர் வருவார், புதிதாக வாங்கும் மெஷினில் அவருக்கு எடை போட்டுக் காட்ட வேண்டும். காட்டினால் நிரந்தரம். இல்லாவிட்டால் மூன்றாவது புவாங்.

புது மெஷின், அதாவது கம்ப்யூட்டர், கோலாலம்பூரிலிருந்து வந்தது. சப்பையான சாம்பல் நிறப் பெட்டி. அதன்மேல் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய டிவி மாதிரி ஒரு திரை. விற்க வந்தவர் அதை "ரிஸ்க்" என்றார். "ரிஸ்க்கா? தெரிஞ்சே வாங்குறோமா?" என்றேன். அந்த ரிஸ்க் இல்லையாம், கட்டளைகளை 'ரிடியூஸ்' பண்ணிய மெஷின் என்பதற்கு இங்கிலீஷ்ச் சுருக்கமாம். பழைய மெஷின்களுக்கு நூற்றுக்கணக்கில் கட்டளைகள் தெரியும், சிலதைச் செய்து முடிக்க வெகுநேரம் எடுக்கும். இதற்குத் தெரிந்தது கொஞ்சம்தான், எல்லாம் சின்னச் சின்னக் கட்டளைகள். ஆனால் ஒவ்வொன்றையும் ஒரே துடிப்பில் முடித்துவிடும். குறைவாகத் தெரிந்தது எப்படி வேகமாக ஓடும் என்று கேட்டேன். அவர் விளக்கினார். கேட்பதற்கு முன்பு இருந்ததைவிட அதிகமாகக் குழம்பினேன்.

அண்ணன் என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டார் என்றுதான் நினைத்தேன். மெஷினோடு எடை பார்க்கும் மாதிரி நிரல் ஒன்று வந்திருந்தது. அதை நீளத் தாளில் அச்சடித்து மேசையில் விரித்தார். கொஞ்ச நேரத்தில் முகம் சுளித்தது.

"இங்க பாரு. நாலு வரிக்கு ஒரு தடவ 'நோப்'னு ஒண்ணு வருது. புக்குல என்ன போட்டிருக்கு தெரியுமா? ஒண்ணும் செய்யாதே. அதுக்கு ஒரு கட்டளை!"

"சும்மா நிக்கிறதுக்குமா கட்டளை?"

"அதான். கட்டளைய ரிடியூஸ் பண்ண மெஷின்னு பேரு வெச்சிட்டு, உள்ள இத்தனை பேரு சும்மா நிக்கிறானுங்க."

சிவப்புப் பென்சிலை எடுத்தார். ஒவ்வொரு நோப்பாக அடித்துக்கொண்டே வந்தார். நாற்பத்தொன்று. கூட உட்கார்ந்து எண்ணியது நான்தான், நானும் சந்தோஷமாகத்தான் எண்ணினேன். இரண்டு நாளில் நிரலை நம் தராசுக்குத் தோதாக மாற்றி மெஷினில் ஏற்றிவிட்டார்.

புதன்கிழமை என்னைத் தராசு மேடைமேல் நிறுத்தினார். என் எடை அறுபத்திரண்டு கிலோ. அண்ணன் பட்டனை அமுக்கியதும் திரையில் 186 வந்தது. இறங்கி ஏறினேன், 248. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன், 310. நிற்க நிற்க நான் கனத்துக்கொண்டே போனேன். மனுஷன் இப்படிக் கூடினால் ஆலை லாரி என்னாவது? தவுக்கே வந்து எட்டிப் பார்த்தார், சுவர்க் காலண்டரில் சனிக்கிழமையை விரலால் தட்டிவிட்டுப் போனார்.

அண்ணன் அன்று முழுக்க வயர்களைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். தராசை மாற்றினார். என்னையும் மாற்றி, பக்கத்துக் கடை சீனப் பையனை ஏற்றி நிறுத்தினார். அவனும் கனத்தான். மத்தியானச் சோறு அப்படியே இருந்தது. "எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா, இல்ல இதுக்கா?" என்று கேட்டார்.

வியாழன் காலை தவுக்கே போனை எடுத்து, கோலாலம்பூர் ஆளைக் கூப்பிட்டு, ஓட்டை மெஷினை விற்றுவிட்டாய், திருப்பி எடுத்துக்கொண்டு போ என்று சத்தம் போடத் தொடங்கினார். அதே நேரம் அண்ணன் மெஷினோடு வந்த இரண்டாவது புத்தகத்தில் ஒரு பக்கத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பத்துமலை, இந்த மெஷின் ஒரு வேலையைச் செய்யிறப்பவே அடுத்ததைக் கையில எடுத்துக்குது. 'வேற எடத்துக்குப் போ'ன்னு நாம சொன்னாலும், கையில எடுத்ததைக் கீழ போடாது. அதையும் செஞ்சிட்டுத்தான் போகும்."

"போன்னு சொன்ன பெறகுமா?"

"ஆமாலா. பட்டனை அமுக்கியாச்சா பாரு, இல்லைன்னா ஒரு செகண்டு விட்டுத் திரும்பப் போயி பாருன்னு எழுதியிருக்கு. அதுக்கு அடுத்த வரியில இருந்தது நோப். நான் அத எடுத்துட்டேன். இப்ப அங்க வந்து நிக்கிறது 'எடையைக் கூட்டு'. திரும்பப் போறப்ப எல்லாம் உன்னையக் கூட்டிட்டே போவுது."

அறுபத்திரண்டு மூன்று தடவை, நாலு தடவை, ஐந்து தடவை. கணக்கு சரியாக வந்தது. போ என்றால் போகாத மெஷினை ஏன் செய்தார்கள் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"அப்ப சும்மா நின்னவன்..."

"சும்மா நிக்கலடா. அந்த எடத்தக் காவல் காத்துக்கிட்டு நின்னிருக்கான்."

உள்ளே தவுக்கேயின் சத்தம் இன்னும் கேட்டது. நான் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, பேசாம வரியெல்லாம் திரும்பப் போட்டுருங்க. மெஷின் தானா சரியாயிருச்சுன்னு சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன். நான் சொன்னது நல்லெண்ணத்தில்தான். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகிவிட்டது.

எழுந்து போய் தவுக்கே மேசைமுன் நின்றார். "தவுக்கே, மெஷின் ஓகே. சாயா சாலா" என்றார். தப்பு என்மேல் என்று. தவுக்கே போனைக் காதிலிருந்து எடுத்தார். அண்ணன் சிவப்புக் கோடு போட்ட தாளை விரித்து, நாற்பத்தொரு இடத்தையும் காட்டினார். இதெல்லாம் ஒன்றும் செய்யாத வரிகள், வீண் என்று நான் எடுத்தேன், எடுத்ததால் எல்லாம் கெட்டது என்று மலாயும் இங்கிலீஷுமாகச் சொன்னார். தவுக்கே தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனில் காத்திருந்தவனிடம் கான்டனீஸில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அண்ணன் பக்கம் திரும்பி, சிகரெட்டை வாயில் வைத்தபடியே மளமளவென்று மலாயில் ஒரு வரி சொன்னார். சொல்லிவிட்டுக் காப்பி குடிக்க வெளியே போய்விட்டார்.

அண்ணன் தன் இடத்துக்கு வந்தார். சோத்து டப்பாவைப் பையில் வைத்தார். ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். புத்தகங்களை அடுக்கினார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"கேக்கலையா? காலின்னாரு. புவாங்னாரு. வேற என்ன வேணும்?" என்று பையோடு வாசலுக்கு நடந்தார். "வீட்டுக்குப் போயி நல்லம்மாகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

நான் வாசல்வரை ஓடி அவர் பையைப் பிடித்தேன். "அண்ணே, அவரு பேசுனது மலாய்! 'லாயின் காலி மாவ் புவாங், தாஞா டுலு'ன்னாரு. அடுத்த தடவ எதையாவது புவாங் பண்றதா இருந்தா, மொதல்ல கேளுன்னாரு!"

பிறந்ததிலிருந்து மலாய் பேசுகிறவர். 'காலி' என்றால் மலாயில் தடவை, எத்தனையோ முறை அவரே சொன்ன சொல். ஆனால் அந்த நேரத்தில் அவர் காதுக்கு அது நம் தமிழ்க் காலி என்றே கேட்டிருக்கிறது. குழம்பிப்போய் என்னையே பார்த்தார்.

"லாயின் காலின்னா... அடுத்த தடவதானே?"

"அடுத்த தடவதாண்ணே."

"அப்ப எனக்கு அடுத்த தடவ இருக்கா?" என்று கேட்டார். நான் தலையாட்டியதும், பை கையில் இருக்க, என் தோளில் முகத்தை வைத்து அழுதுவிட்டார்.