அத்தானுக்கு வந்த வசனம்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பாதியில் நின்று யாராவது மாட்டிக்கொண்டால், கதவோரம் வாயை வைத்து, "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வேலை பார்ப்பார். பேச்சை நிறுத்தினால் உள்ளே இருப்பவர்கள் கலங்கிவிடுவார்களாம். வீட்டில் அந்த வாய்க்குப் பூட்டு. அக்கா இருந்தவரை இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

அக்கா போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் அத்தான் முழங்காலில் நின்றார். அதற்குப் பிறகு ஜெபிக்கவே இல்லை. முன்பின் தெரியாதவர்களுக்குத் தான் கதவுக்கு வெளியே நின்று சொல்கிற அந்த ஒரு வார்த்தையைக்கூட மேலே இருப்பவர் தனக்குச் சொல்லவில்லை என்று அவருக்குக் கோபம். இதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். நானோ சர்ச் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவன். நல்ல ஆளாகப் பார்த்துத்தான் சொன்னார்!

ஆனால் சாயங்கால வாசிப்பை மட்டும் அவர் விடவில்லை. அது அக்கா பழக்கிய பழக்கம். சாப்பாட்டு மேஜையில் ஒரே பைபிள், ஆளுக்கொரு வசனம், சுற்றிச் சுற்றி வரும். அம்மாவை இழந்த பிள்ளைகளிடம் கடவுளும் போய்விட்டார் என்று எந்த வாயால் சொல்வது? அதனால் ஒரு தில்லுமுல்லு செய்தார். அதிகாரத்தை முன்கூட்டியே பார்த்து வசனங்களை எண்ணிக்கொள்வார். பிழைத்தான், எழுந்தான், கேட்டது கிடைத்தது என்று வருகிறவை தன் வாயில் விழாதபடி, "இன்னைக்குச் சின்னவ ஆரம்பிக்கட்டும்", "இன்னைக்குப் பெரியவ" என்று மாற்றிவிடுவார். மூன்றே பேர் என்பதால் தப்பாமல் நடந்துகொண்டிருந்தது.

அன்று நான் போய்க் கெடுத்தேன். பெரியவளுக்குப் பதிமூன்று வயது, சின்னவளுக்கு ஏழு. பெரியவள் முதல் வசனத்தை முடித்ததும், சின்னவள் என் சட்டையைப் பிடித்திழுத்து அக்காவின் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"சும்மா வேடிக்கை பாக்கக் கூடாது மாமா. அடுத்தது நீங்க."

அசடு வழிய வாசித்தேன். அத்தான் என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் பிறகுதான் புரிந்தது.

சாகக் கிடக்கும் மகளுக்காக ஒரு தகப்பன் இயேசுவிடம் கெஞ்சும் பகுதி அது. வீடு போய்ச் சேர்வதற்குள் பிள்ளை இறந்துவிடுகிறாள். இயேசு அவள் கையைப் பிடித்து எழுப்புகிறார். அவள் எழுந்து நடக்கிற வசனம் அத்தானுக்கு வந்தது.

அவர் விரல் வரியிலேயே நின்றது.

"அப்பா, உங்க வசனம்" என்றாள் சின்னவள்.

"நான் வாசிச்சிடறேன்பா" என்று பெரியவள் அவசரமாகக் கையை நீட்டினாள்.

"அது அப்பாவோடது!" சின்னவள் விடவில்லை. திடீரென்று, "அந்த அப்பா கேட்டாரு, கிடைச்சிடுச்சு. நாமளும்தானேப்பா கேட்டோம்?" என்றாள்.

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அத்தான் எதையாவது சொல்லி மழுப்புவார் என்று நினைத்தேன்.

"தெரியலம்மா" என்றார். "எனக்கு அவர்மேல கோபம். அம்மா போனதுலேருந்து நான் ஜெபம் பண்றதே இல்ல. சும்மா உதட்டை அசைக்கிறேன்."

பெரியவள் மேஜையைப் பார்த்தபடி, "நானும்தாம்பா" என்றாள். "நீங்க கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல."

பதினோரு மாதம்! ஒருவருக்காக ஒருவர் நடித்துக்கொண்டு ஒரே மேஜையில் தனித்தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

சின்னவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்போ இத்தனை நாளா நான் மட்டும்தான் ஜெபம் பண்ணிட்டு இருந்தேனா?"

அவள் உதடு பிதுங்கியது. அத்தான் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பயப்படாதம்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்றார். பிறகு புத்தகத்தை எடுத்துத் தன் வசனத்தை வாசித்தார். நம்பித்தான் வாசித்தாரா என்று நான் கேட்கவில்லை.